வாலு வாயைத் திறந்தாள்

மேடம் வருகிற நாளென்றால் சலவைக்கடைக்காரிக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் மகளை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு ஒருநாள் வேலைக்குப் போனாள். பக்கத்து வீட்டுப் புண்ணியவதி போட்டுக்கொடுக்க, பிள்ளையைக் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். நாயாய் அலைந்து மீட்டாள். அதுவும் சும்மா இல்லை. வாரம் ஒருமுறை குழந்தைகள் நல ஆபீஸ் மேடம் வீட்டுக்கே வந்து பிள்ளை வளர்க்கும் விதம் சொல்லித் தருவார்; சரியில்லை என்று அவர் சொன்னால் பிள்ளை திரும்பவும் காப்பகத்துக்கு.

இவள் என்ன செய்தாள்? மேடம் வருவதற்கு முன் மகளைப் பூங்காவுக்கு இழுத்துப்போய், துவண்டு விழும்வரை ஓடவிட்டுக் கூட்டிவருவாள். தெருவே வாலு என்று பெயர் வைத்த பிள்ளை, மேடம் முன்னால் பெட்டிப்பாம்பாய் உட்கார்ந்திருக்கும். அம்மாவுக்கு உச்சி குளிரும். கெட்டிக்காரிதான் போங்கள்!

போன வாரம் மேடம் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "பிள்ளை சிரிக்கவும் மாட்டேங்குது, அழவும் மாட்டேங்குது. உங்களைப் பார்த்துப் பயப்படுதா? அடுத்த தடவையும் இப்படியே இருந்தா நான் ஆபீஸ்ல சொல்லித்தான் ஆகணும்."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கத்தினாலும் குற்றம், சும்மா இருந்தாலும் குற்றமா? இந்த வாரம் பூங்காப் பக்கமே போகவில்லை.

மேடம் உட்கார்ந்ததும் உட்காராததுமாக வாலு அவர் பையைத் தலைகீழாகக் கொட்டினாள்.

"எடுத்து வை," என்றாள் அம்மா.

"மாட்டேன்! நீ வேணாம் போ! கெட்ட அம்மா!"

தரையில் விழுந்து புரண்டு ஊரைக் கூட்டினாள். பழக்கதோஷத்தில் அம்மாவின் கை அவள் வாயைப் பொத்தப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டாள். எதற்குப் பொத்த வேண்டும்? பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நல்லா கத்து. நான் இங்கதான் இருப்பேன். ஆனா நீதான் எடுத்து வைக்கணும்."

தொண்டை கட்டிய பிறகு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, வாலு சீப்பையும் சாவியையும் பைக்குள் போட்டாள்.

"அம்மாவை இப்படி எதிர்த்துப் பேசுறாளே," என்றார் மேடம்.

"பேசட்டும்! காப்பகத்துல யாரையாவது எதிர்த்துப் பேசினாளான்னு கேட்டுப் பாருங்க. அங்க வாயே திறக்கலை, பயம். இங்க அம்மா இருக்கேன், பேசுறா. ஆபீஸ்ல இதையும் சேர்த்துச் சொல்லுங்க!"

மேடம் வாலுவைப் பார்த்தார். அது அம்மாவின் மடியில் ஏறி, முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"சரி. இவ இங்கயே இருக்கட்டும்னு சொல்றேன்."

"இருக்கட்டும் என்ன இருக்கட்டும்? இருப்பா," என்றாள் அவள்.