போதும் என்று ஒரு பெயர்

“தலையை நல்லாத் தூக்கிப் பிடிம்மா, காதுல தண்ணி போகுது” என்றாள் மய்யித்தைக் குளிப்பாட்ட வந்தவள். ருதைனா தூக்கிப் பிடித்தாள். நிறைமாத வயிறு பலகையின் விளிம்பில் இடித்தது. கிஃபாயா அத்தையின் தலை இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. உயிரோடு இருந்தவரை அந்த வீட்டில் அத்தைக்கு எந்தக் கனமும் இருந்ததில்லை.

வாசலிலிருந்து மாமியார் நவ்ஃபா கத்தினாள். “யாரு அவளை உள்ள விட்டது? வெளிய வாடி! வயித்துல ஃபாலிஹ் இருக்கான். பிள்ளைத்தாச்சி மய்யித்தைத் தொடலாமா?”

“நான்தான் குளிப்பாட்டணும்னு அத்தை கேட்டாங்க மாமி.”

“கேப்பா, கேப்பா. கேட்டுட்டு அவ நிம்மதியாப் போயிட்டா. நாளைக்கு என் பேரனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவளா வந்து நிப்பா?”

ஃபாலிஹ் என்பது மாமனாரின் பெயர். மூத்த பேரனுக்குத் தாத்தாவின் பெயர்தான் என்பது ரம்தா ஊரில் எழுதாத சட்டம். அதனால் கல்யாணமான மறுநாளிலிருந்தே ருதைனாவின் கணவன் ஷாஹிரை ஊர் ‘அபூ ஃபாலிஹ்’ என்றது, அதாவது ஃபாலிஹின் அப்பா. அவளை ‘உம்மு ஃபாலிஹ்’ என்றது. பிறந்ததென்னவோ தாலாவும் ஜூரியும், இரண்டும் பெண்கள். அவர்களுடைய அம்மா என்று அவளை ஒருவரும் கூப்பிட்டதில்லை. இன்னும் பிறக்காதவன்தான் அந்த வீட்டின் தலைப்பிள்ளை.

மாமனாருக்கு நேர் மூத்தவள் கிஃபாயா. ஐந்தாவது பெண். கிஃபாயா என்றால் ‘போதும்’. அவளைப் பெற்ற அப்பன் பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்காமல், வாசலில் நின்றபடியே அந்தப் பெயரைச் சொல்லிவிட்டுக் கோதுமைக் களத்துக்குப் போனானாம். அல்லாவுக்குப் போட்ட மனு அது. எழுதக் காகிதம் கிடைக்காமல் பிள்ளை மேல் எழுதிவிட்டான். அடுத்த பிரசவத்திலேயே ஃபாலிஹ் பிறந்தான். பெயர் பலித்தது என்று ஆடு அறுத்து ஊருக்கே மன்சஃப் விருந்து போட்டார்கள். காரியம் முடிந்த பிறகு மனுவை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா வருகைப் பதிவில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் வகுப்பே சிரிக்கும். பெண் கேட்டு வந்த ஒரு குடும்பம் பழச்சாறு குடித்து, கேக் தின்று, பெயரைக் கேட்டதும் எழுந்துவிட்டது. “இந்தப் பேரு எங்க வீட்டுக்குள்ள வந்தா எங்களுக்குப் பேரன் பொறக்கறதும் நின்னு போயிடும்” என்று பையனின் அம்மா வாசலிலேயே சொன்னாளாம். அதை ருதைனாவிடம் சொல்லும்போது அத்தை சிரித்தாள். “நல்ல பையன்டி. காது மட்டும் கொஞ்சம் பெருசு” என்றாள். அதற்குப் பிறகு தம்பி வீட்டில் தம்பி பிள்ளைகளின் மலத்தைக் கழுவி, தம்பி பிள்ளைகளின் பிள்ளைகளைத் தூக்கி, கடைசியில் வயிற்றில் கட்டி வந்து படுத்தாள்.

இர்பித் நகரத்தில் ஸ்கேன் எடுத்த டாக்டர், பெண் என்று சொன்னாள். வீட்டில் ருதைனா பொய் சொன்னாள். பிள்ளை காலை மடக்கிக்கொண்டிருக்கிறது, தெரியவில்லையாம் என்றாள். உண்மையைச் சொன்னது அத்தையிடம் மட்டும்தான். அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எம்பேரை வைக்க விட்டுடாதே.”

“யாரு அத்தை வைக்கப் போறாங்க, இந்தக் காலத்துல?”

“நவ்ஃபாவை எனக்கு உன்னைவிட அதிகமாத் தெரியும். மூணாவதும் பொண்ணுன்னா அவ மருந்து தேடுவா. நான்தான் மருந்து. இந்த ஊர்ல இப்ப இந்தப் பேரு எனக்கு மட்டும்தான் இருக்கு. கடைசி ஆளு நானாவே இருந்துட்டுப் போறேன். சத்தியம் பண்ணு.”

ருதைனா சத்தியம் பண்ணினாள்.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மௌத்து அறிவித்தபோது, “ஹாஜி ஃபாலிஹ் அவர்களின் சகோதரி” என்றார்கள். பெண்ணின் பெயரைத் தெருவில் சொல்வது கௌரவக் குறைச்சல். தெருவில் கட்டிய கூடாரத்தில் ஆண்கள் ஃபாலிஹின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். அங்கேயும் பெயர் வரவில்லை. வாழ்நாளெல்லாம் பெயரைச் சொல்லிச் சிரித்தவர்கள் சாவுக்கு மட்டும் வாயைக் கட்டிக்கொண்டார்கள். ருதைனாவுக்கு அது ஒருவகையில் ஆறுதலாகவே இருந்தது. அத்தை கேட்டபடி பெயரும் அவளோடு மண்ணுக்குள் போகிறது என்று நினைத்தாள்.

மறுநாள் துக்கத்துக்கு வந்தவர்களுக்குப் பேரீச்சம்பழத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தபோதே வலி கண்டது.

ஆஸ்பத்திரியில் நவ்ஃபா பிள்ளையின் துணியை விலக்கிப் பார்த்தாள். மூடினாள். நர்சு மாற்றிக் கொடுத்துவிட்டாளோ என்று பக்கத்துக் கட்டில்களை ஒரு பார்வை பார்த்தாள். “நல்லாயிருக்கியா?” என்று ருதைனாவைக் கேட்கவே இல்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் ருதைனா கணவனிடம் மெல்லச் சொன்னாள். “ரவான்னு வைக்கலாம்னு இருக்கேன்.”

“வெச்சுக்கோ” என்றான் ஷாஹிர். “எதையோ ஒண்ணை வெச்சுக்கோ.”

துக்கத்தின் மூன்றாம் நாள் அது. பெண்கள் கூடம் நிறையக் கறுப்பு அங்கிகள். சுவரோரம் போட்ட மெத்தைகளில் இடமில்லாமல் நடுவிலும் உட்கார்ந்திருந்தார்கள். ருதைனாவை ஒரு மூலையில் தலையணை வைத்து உட்காரவைத்தார்கள். பிள்ளை நவ்ஃபாவின் கையில் இருந்தது. நவ்ஃபா அழ ஆரம்பித்தாள். அவளுக்கு அழுகை சொன்ன பேச்சுக் கேட்கும்.

“ஒருத்தியைக் கொண்டுபோன அல்லா ஒருத்தியைக் கொடுத்துட்டான்” என்றாள். “என் நாத்தனா எனக்குத் திரும்பி வந்துட்டா. இவ பேரு கிஃபாயா.”

கூடம் முழுக்க ‘மாஷா அல்லாஹ்’ என்றது. ஒரு கிழவி விம்மினாள். “மாமியான்னா இப்படி இருக்கணும்” என்றாள் இன்னொருத்தி. “இந்தக் காலத்துல எவ நாத்தனா பேரை வைக்கிறா? என் மருமகளுக்கு என் பேரையே சொல்ல வாய் வரமாட்டேங்குது.”

நவ்ஃபாவின் கடைசி மகள் லுஜைன் கைபேசியைத் தடவிக்கொண்டே வந்தாள். “அண்ணி, இதைக் கேளுங்க. பேர் அர்த்தம் போட்டிருக்கான். கிஃபாயா, நிறைவு, தகுதி. ரொம்ப அரிதான பேராம். அழகான பேருன்னு போட்டிருக்கான். இந்தப் பேரு உள்ளவங்க எதுலயும் திருப்தியா இருப்பாங்களாம்!”

“பார்த்தியா? உண்மைதானே?” என்றாள் கிழவி. “அவ எதுக்காவது வாயைத் திறந்திருப்பாளா?”

ருதைனா பேசிவிட்டாள். “வேண்டாம் மாமி. அத்தையே வேண்டாம்னாங்க. எம்பேரை வைக்க விடாதேன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க.”

நவ்ஃபாவின் கண் சுருங்கியது. ஆனால் அவள் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

“அல்லாவே!” என்று கிழவி மார்பில் கைவைத்தாள். “சாகப் போற நேரத்துலயும் தனக்குன்னு ஒரு பேரு நிக்க வேணாம்னு சொல்லியிருக்கா பாருங்க. எப்பேர்ப்பட்ட அடக்கம்! இப்படிப்பட்டவ பேரை வைக்காம வேற யார் பேரை வைக்கிறது?”

இப்போது உண்மையாகவே எல்லோரும் அழுதார்கள். ‘அது அடக்கம் இல்லை’ என்று ருதைனா சொல்லப் பார்த்தாள். அந்த அழுகையில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. பேச்சு கூடாரத்துக்கும் போய்விட்டது. ஷாஹிர் வாசல் திரைக்கு வெளியே நின்று அவளைக் கூப்பிட்டான்.

“அப்பா அழுதுட்டாரு” என்றான் திரைக்கு அந்தப்பக்கமிருந்து. “அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. ஊரே பார்க்குது. இனிமே ரவான் கிவான்னு பேசாதே.”

“வெச்சுக்கோன்னீங்களே?”

“அப்ப சொன்னேன்.”

செருப்புச் சத்தம் போய்விட்டது.

நவ்ஃபா பிள்ளையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்கிறவளைப் போல மருமகளின் தோளில் கைபோட்டு, காதோரம் குனிந்தாள். “ஸ்கேன்ல தெரியலைன்னு சொன்னேல்ல? எனக்கு அப்பவே தெரியும்டி. போகட்டும். என் மாமியாளுக்கு இந்தப் பேரு பலிச்சுது, எனக்கும் பலிக்கும். அடுத்தது ஃபாலிஹ்.” பிறகு நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி குரலை நனைத்துக்கொண்டு சொன்னாள். “நீயே கூப்பிடும்மா. பெத்தவ வாயால முதல்ல கூப்பிட்டாத்தான் பேரு ஒட்டும்.”

பிள்ளை மடிக்கு வந்தது. தாலாவும் ஜூரியும் கறுப்பு அங்கிகளுக்கு நடுவே வழி பண்ணிக்கொண்டு வந்து இரண்டு பக்கமும் நின்றார்கள். தங்கச்சியின் பெயர் தெரிய வேண்டும் அவர்களுக்கு. கூடம் காத்திருந்தது.

ருதைனா பிள்ளையைப் பார்த்தாள். மூடிய இமை. நெற்றியில் பிரசவத்தின் வெள்ளைப் பிசுக்கு இன்னும் போகவில்லை.

“கிஃபாயா” என்றாள்.

பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. ஜூரிக்குச் சரியாகக் காதில் விழவில்லை. “என்னம்மா, என்ன பேரு?” என்று அங்கியைப் பிடித்து இழுத்தாள். அவளுக்காக ருதைனா இன்னொரு தடவையும் சொன்னாள். பெண்கள் ஆமீன் சொன்னார்கள். லுஜைன் கைபேசியை வைத்துவிட்டு, கசப்புக் காபிக் கூஜாவை எடுத்துக்கொண்டு முதல் வரிசைக்குப் போனாள்.