ஷூட்டிங் தாலி

ரூபாவின் வாழ்க்கையைப் படமாக எடுக்கிறார்கள். படகுகளுக்குப் பெயர் எழுதிப் பிழைத்த ஒரு திருநங்கை, போர்ட் பிளேர் சுவர்களில் ஓவியம் வரைந்து பேர் வாங்கிய கதை. ரூபாவாக ரூபாவே நடிக்கிறாள். அவளோடு ஒன்பது வருஷமாகக் குடித்தனம் நடத்தும் கோகுலை, கோகுலாகவே நடிக்கச் சொல்லி இயக்குநர் செந்தமிழன் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்திருந்தார்.

இன்றைக்குக் கல்யாணக் காட்சி. நிஜத்தில் நடக்காத கல்யாணம். கேட்கும்போதெல்லாம் அடுத்த வருஷம் என்பான் கோகுல். ஆள் தங்கமானவன்தான், அம்மா முன்னால் மட்டும் வாயில் கொழுக்கட்டை. இப்போது அந்த அம்மா விருதுநகரில் பெண்ணே பார்த்துவிட்டாள். வியாழக்கிழமைக் கப்பலுக்கு டிக்கெட்டும் வந்துவிட்டது. போவானா மாட்டானா என்று இவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அந்த வயிற்றெரிச்சலில்தான் ரூபா அதைச் செய்தாள். படக்காரர்கள் கொடுத்த கவரிங் தாலியை மேக்கப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, மஞ்சள் கயிற்றில் தான் செய்து வைத்திருந்த தங்கத் தாலியைக் கோத்துத் தட்டில் வைத்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

உதவி இயக்குநர் ப்ரியங்கா சொல்லிக் கொடுத்தாள். முதல் முடிச்சு மாப்பிள்ளை, இரண்டாவது நாத்தனார். மூன்றாவது கூடாது, மூன்றும் விழுந்தால் நிஜக் கல்யாணமாகிவிடுமாம். நாத்தனாராக நடிக்க ஒரு பெண் கூலிக்கு வந்திருந்தாள்.

நிஜ நாத்தனாரும் வந்திருந்தாள். கோகுலின் அக்கா அகிலா, கராச்சர்மாவிலிருந்து பஸ் பிடித்து, தம்பியைக் கண்காணிக்க வந்து முன்வரிசையில் கைகட்டி நின்றாள். ஒன்பது வருஷத்தில் ரூபா கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்தவளில்லை.

மேளம் கொட்டியது. கோகுல் தாலியைத் தூக்கினான். ஹேடோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவனுக்கு எடை தெரியாதா? கை பாதியில் நின்றது. ரூபாவைப் பார்த்தான். அவளும் கண்ணை எடுக்கவில்லை. கீழே வைத்துவிட்டால் ஒன்பது வருஷமும் அதோடு போச்சு.

கோகுல் குனிந்து முதல் முடிச்சைப் போட்டான். கூலிக்கு வந்த பெண் நெருங்கியதும் அவளைக் கையால் தடுத்தான்.

"நீங்க வேணாம். அக்கா, நீ வந்து போடு."

கேமராவை நிறுத்தாதே என்று செந்தமிழன் கைகாட்டினார். அகிலா விறுவிறுவென்று வந்தாள். அறுத்து எறியப் போகிறாள் என்று ரூபா கண்களை மூடிக்கொண்டாள். தாலியைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"இது எங்க அம்மா தாலி மாதிரி இருக்கு. எங்க குடும்பத்து அச்சு. உனக்கு யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கல. உங்க அம்மா போட்டோவைப் பார்த்து வரைஞ்சேன். ஆசாரி செஞ்சு குடுத்தாரு."

"எப்போ?"

"ஏழு வருஷம் ஆச்சு."

அகிலா, கயிற்றில் சிக்கியிருந்த ரூபாவின் முடியை ஒதுக்கிவிட்டு இரண்டாவது முடிச்சைப் போட்டாள். போதும் மேடம் என்று ப்ரியங்கா ஓடிவந்தாள். அகிலா நிமிரவில்லை. மூன்றாவதையும் போட்டு இழுத்து இறுக்கினாள்.

"டிக்கெட்டை கேன்சல் பண்ணுடா," என்றாள் தம்பியிடம். "சினிமாக்குதான் கட்டினான்னு அம்மாகிட்ட நான் ஜூட்டு பேச மாட்டேன், பொய் எனக்கு வராது."