இருபத்தொன்பதாம் விதி

துபாய் சத்வாவில் அந்தப் பழைய வில்லாவின் சமையலறைச் சுவரில் இராஜரத்தினத்தார் ஒட்டிவைத்த விதிகள் மொத்தம் ஏழு. ஆனால் ஏழாவது விதியின் எண் இருபத்தொன்பது. ஏனென்று கேட்டவர் தப்பியதில்லை. உலகப் போர் முடிந்த கையோடு லண்டன்காரர் இலங்கைக்கு அரசியலமைப்பு எழுதிக் கொடுத்தார்களே, அப்போது கொழும்பில் தட்டச்சு செய்தவர்களில் இவருடைய தகப்பனாரும் ஒருவராம். பாராளுமன்றத்தில் எத்தனை கை உயர்ந்தாலும் ஒரு சமூகத்தை மட்டும் ஒடுக்கிச் சட்டம் போட முடியாது. அதுதான் இருபத்தொன்பதாம் பிரிவு. நாற்பத்தேழாம் ஆண்டுத் தேர்தல்வரை கதை தண்ணீராய் ஓடும். அதற்கடுத்த வருசம் என்ன ஆனது என்று கேட்டால் மனுசன் கோப்பை கழுவ எழுந்துவிடுவார்.

வில்லாவின் இருபத்தொன்பது இது: குடியிருப்பாளர் ஒருவரை மட்டும் பாதிக்கும் முடிவை அவர் சம்மதமில்லாமல் எடுக்கக் கூடாது.

வில்லாவில் நாலு இடம், ஓட்டெடுப்பில் இடத்துக்கு ஒரு கை. இராஜரத்தினத்தார், தாரகனும் மனைவி மேனுஜாவும், ராமநாதபுரத்து டிரைவர் முனியசாமி, பிறகு சமையலறையை ஒட்டிய பலகைத் தடுப்பில் பதுளைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த சுந்தரம்பாள். அவள் வாடகையை அவள் வேலை செய்யும் வீட்டு மேடமே கட்டிவிடுவாள்.

மேனுஜா கர்ப்பமானாள். யாழ்ப்பாணத்திலிருந்து தாய் வரவேண்டும். தாய்க்குப் படுக்க இடம் வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை, சுந்தரம்பாள் டியூட்டிக்குப் போன பிறகு, தாரகன் கூட்டம் கூட்டினான்.

"ஐயா, உங்கடை இருபத்தொன்பதிலை நான் கை வைக்கேல்லை. அதுக்கு முந்தி ஒரு சின்ன விதி. தன்ரை கையாலை வாடகை கட்டுற ஆள்தான் குடியிருப்பாளர்."

"அது அந்தம்மாவ மட்டும்தானே தள்ளுது, தம்பி?" என்றான் முனியசாமி.

"நான் பேர் சொன்னனானே?"

தாரகன் கை தூக்கினான். முனியசாமி கையைக் கட்டிக்கொண்டான். மிச்சமிருந்தது ஒரு கை. தினமும் மேனுஜா தரும் புட்டையும் மீன்குழம்பையும் பிசைந்து சாப்பிடும் கை. அதுவும் உயர்ந்தது. இராஜரத்தினத்தாருக்கு அப்போது மனதில் ஒன்றும் ஓடவில்லை. மரத்துப்போன காலைப் பார்ப்பதுபோல அதை அண்ணாந்து பார்த்தார்.

சொல்லும் வேலையும் அவர் தலையிலேயே விழுந்தது.

"இருபத்தொன்பது இருக்குன்னு சொன்னீங்களே, ஐயா?" என்றாள் சுந்தரம்பாள்.

"இருக்குப் பிள்ளை. அது குடியிருப்பாளருக்கு."

அவள் கையிலிருந்த பையைக் கீழே வைக்கவில்லை. "சரிங்க ஐயா. எங்கப்பாவும் ஒருவாட்டி ஓட்டுப் போட்டவருதாங்க, நாப்பத்தேழுல. மறு வருசம் சட்டம் வந்துச்சாம், தோட்டத்து ஆளுங்க நாட்டுக்காரங்க இல்லேன்னு. அதுக்கப்புறம் யாரும் கூப்புடலேன்னு சொல்லுவாரு." பிறகு கேட்டாள்: "எப்பங்க போகணும்?"

"மாசக் கடைசி."

அதுவரைகூட இருக்கவில்லை. மேடத்தின் வீட்டில் துணி இஸ்திரி போடும் அறையில் இடம் கிடைத்ததென்று மறுநாளே முனியசாமி வண்டியில் போய்விட்டாள். முனியசாமி ஒரு வாரம் இவரிடம் பேசவில்லை. இவரும் ஏனென்று கேட்கவில்லை.

மேனுஜாவின் தாய் வந்து சேர்ந்தாள். மனுசிக்கு எதையும் விசாரிக்கவேண்டும். வந்த அன்றே சுவரைக் காட்டி, "அதென்ன, ஆறுக்குப் பிறகு இருபத்தொன்பது?" என்றாள்.

இராஜரத்தினத்தார் தகப்பனாரின் தட்டச்சில் தொடங்கினார். நாற்பத்தேழுக்கு வந்தார்.

"பிறகு?"

மேனுஜா புட்டுத் தட்டை முன்னால் வைத்தாள். இவர் குழம்பை ஊற்றிப் பிசைந்தார். ஒரு வாய் போட்டார். உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. இன்னொரு வாய் போட்டார்.