தெருவுக்கே காட்டிய ஃபிரிட்ஜ்

தஸ்னீம் வீட்டுக்கு ஐந்து நட்சத்திர ஃபிரிட்ஜ் வந்த பிறகு, அந்தப் போடித் தெருவில் பலரும் அவளிடம்தான் யோசனை கேட்டார்கள். அதை வாங்கிய கடை அவளுடைய சொந்த அண்ணன் நிஜாமுடையது. விலை கூடினாலும் கரண்டு மிச்சம் என்று அவன் சொன்னான். அவள் வீட்டு பில்லும் அப்படித்தான் வந்தது. வருகிறவர்களிடம் அந்த பில்லையே எடுத்துக் காட்டுவாள்.

எதிர்வீட்டுச் சோலையம்மாள் ஏலக்காய் எடுக்க ஜீப்பில் மலையேறுகிறவள். பழைய ஃபிரிட்ஜ் ஒன்றை வாங்கிக்கொள்கிறேன் என்றிருந்தவளைக் கடைக்கு அழைத்துப் போனதே தஸ்னீம்தான். "எங்க அண்ணே கடைதான்க்கா. நம்பி எடுங்க" என்றாள்.

இரண்டு கரண்டு பில் கூடுதலாக வந்தபின் ஒருநாள் சோலையம்மாள் அவளைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். ஃபிரிட்ஜைத் துடைக்கும்போது நட்சத்திர ஸ்டிக்கரின் ஓரம் கிளம்பியிருந்தது. பிடித்து இழுத்தால், அடியில் இன்னொரு ஸ்டிக்கர். இரண்டே நட்சத்திரம்.

"ஒனக்கு மட்டும் எப்படித்தா கம்மியா வருதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்" என்றாள் சோலையம்மாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

தஸ்னீம் வீட்டுக்கு ஓடிவந்து தன்னுடையதைச் சுரண்டிப் பார்த்தாள். அது அசல்.

நேரே கடைக்குப் போனாள். நிஜாம் மறுக்கவில்லை. அவளை உள்ளே கூட்டிப்போய், ஐந்து நட்சத்திரத்தில் லாபம் நிற்கவில்லை என்று மெல்ல விளக்கினான். அவளைப் பார்த்து வாங்கின ஆறு வீட்டுக்கும் அதே கதைதான்.

"ஒனக்கு நல்லதுதானம்மா குடுத்தேன். ஒனக்கென்ன கொறை?"

"அத வச்சுத்தானண்ணே எல்லாரையும் இழுத்த" என்றாள். அவன் கல்லாப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்று சாயங்காலமே ஆறு வீட்டுக்கும் போய் அவளே சொன்னாள். சிலர் அவளையும் சேர்த்துத் திட்டினார்கள். மறுநாள் எல்லோரும் அவளை முன்னால் விட்டுக் கடைவாசலில் நின்றார்கள். கூட்டம் கூடவே, நிஜாம் மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டான். மாற்றியும் கொடுத்தான். அதன்பின் தங்கை வீட்டு வாசலை அவன் மிதிக்கவில்லை, அவளும் கூப்பிடவில்லை.

சோலையம்மாள் வீட்டிலும் அசல் பெட்டி வந்து இறங்கியது. எதிரில் பார்த்தால் இப்போதும் சிரிக்கிறாள். ஆனால் போன வாரம் மிக்ஸி வாங்க வேண்டியிருந்தபோது, தஸ்னீமிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பஸ்சேறித் தேனிக்குப் போய் வாங்கி வந்தாள்.