சித்தி லைலாவின் கையெழுத்து

1954ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு முந்திய வியாழக்கிழமை, சித்தி லைலாவின் வலது கையிலிருந்து ‘க’ போய்விட்டது. கல்முனையில் அச்சகம் வைத்திருந்த அவள் புருசன் ஸைனுலாப்தீன் அப்போதுதான் அவள் கையெழுத்தைப் பார்த்து அந்த ‘க’வை அச்சுக்கு மரத்தில் செதுக்கி முடித்திருந்தார்; பிறகு அவளுக்கு அதை எழுத வரவில்லை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மகள் றஹீமாவுக்கென்று கட்டிய வீட்டில் இந்த மனிசன் அச்சு மெசினை இறக்கிவிட்டதால், அவள் புருசனோடு பொத்துவிலுக்குப் போனாள். மருமகன் ரோசக்காரர்; போக்குவரத்தை வெட்டிவிட்டார். கடிதம் மட்டும் மிச்சம். நாங்கள் இதை ஒரு வருசம் கதைத்தோம்.

லைலாவின் எழுத்துகள் ஒன்றையொன்று இடித்து விளையாடும் பிள்ளைகள் மாதிரி இருக்கும். அவற்றில் அச்சடித்த கலியாணக் கடிதத்தைக் கண்டால் பகையாளியும் சாப்பிட வந்தான்; மருதமுனையில் நெய்த சாரன்கள் அந்த எழுத்தில் அடித்த லேபலுக்காகவே விலைப்பட்டன. செதுக்கச் செதுக்க எழுத்துகள் அவள் கையை விட்டுப் போய், ‘ற’ மட்டும் மிஞ்சியது. தாள் நிறைய ‘ற’ எழுதி அனுப்புவாள். விலாசம் தபாற்கந்தோர் நல்லரெத்தினம் எழுதுவார். றஹீமா அதை வாசித்து, இங்கே ஆடு குட்டி போட்டது வரை விளங்கிச் சரியாகப் பதில் போட்டாள். நாங்களும் எழுதித் தருகிறோம் என்று போனோம், உள் விசயம் அறியும் ஆசையும்தான். லைலா விடவில்லை.

ஸைனுலாப்தீன் ‘ற’வுக்குப் பழைய ஈய எழுத்தைப் போட்டுச் சமாளித்தார். பிறகு சோடாக்காரர் பளீல் வந்தார். அவருடைய லேபலில் ‘குலுக்காமல் திறக்கவும்’ என்று இருக்க வேண்டும்.

“காக்கா, மத்ததெல்லாம் கலியாண வீட்டுக்கு வந்த மாதிரிச் சிரிக்கிது. இந்த ‘ற’ மட்டும் மையத்து வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிது” என்றார் பளீல்.

லைலா உளியைப் பிடித்துக்கொண்டாள். “இஞ்ச பாருங்க, அத உட்ருங்க. என்ட புள்ளைக்கிட்ட கதைக்க அது ஒண்டுதான் இரிக்கி.”

“ஒரு எழுத்துக்கா இந்தக் கூத்து?” என்றார் ஸைனுலாப்தீன். பின்னேரத்து அஸர் பாங்குக்கு முன் வேலை முடிந்தது.

அதற்குப் பின் வெறும் தாள்கள் போயின. உம்மாவும் கோபித்துவிட்டாள் என்று நினைத்து றஹீமா பதிலை நிறுத்தினாள். மூன்று மாதத்தில் சோடா பொத்துவில் கடைகளுக்கு வந்தது. லேபலில் உம்மாவின் எழுத்தைக் கண்டவள் போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். எத்தனை வாங்கினாலும் உம்மா அந்த இரண்டு வார்த்தையைத்தான் சொன்னாள். 1958இல் லைலா மௌத்தாகி அடக்கிய பிறகும் அதையே சொன்னாள். இப்போது அங்கே சுவரோரம் இருநூறு போத்தல்கள் நிற்கின்றன, ஒன்றும் திறக்கப்படவில்லை. தாகமெடுத்தால் மருமகன் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறார்.