தடைக்காலப் பாடம்

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் முகத்துவாரக்குப்பத்து ஆண்களில் பாதிப்பேர் சீட்டாடுவார்கள், மீதிப்பேர் அதை வேடிக்கை பார்ப்பார்கள். விசைப்படகு டிரைவர் தேசப்பன் மட்டும் கையில் பென்சிலோடு உட்கார்ந்து பெண்டாட்டிக்குப் பரிட்சை வைப்பான்.

பெண்டாட்டி கார்குழலி திருவொற்றியூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ். வெளிநாட்டு வேலைக்கான இங்கிலீஷ் பரிட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டவள். கோச்சிங்கில் ஒரு வழி சொன்னார்கள்: ஆயிரம் சொல்லை மனப்பாடம் செய்யாதே, லத்தீன் வேரைப் பிடி. மாரே என்றால் கடல். மரைன், சப்மரைன் எல்லாம் தானாக வந்து விழும். வேர்களைத் தமிழ் எழுத்திலேயே நோட்டில் எழுதினாள், ஏனென்றால் கேள்வி கேட்கிறவனுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. அர்த்தத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு கேட்பான். தப்பாகச் சொன்னால் ஒரு பெருக்கல் குறி. பெண்டாட்டியாச்சே என்ற தயவுதாட்சண்யம் கிடையாது.

இந்த வருஷம் தடை தொடங்கிய வாரம் ஒரு வரியில் நின்றான்.

"பாலியம்னா போர்வையா? அதுல இன்னா இங்கிலீஷ் வருது?"

"பாலியேட்டிவ். கொணமாக்க முடியாத சீக்குக்குப் பாக்கற வைத்தியம். வலி தெரியாம மூடி வெக்கறது."

"அப்போ உள்ள கீறது அப்பிடியேதான் கீதா?"

"ஆமா."

"கலீஜான வைத்தியம்மே," என்று சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனான்.

அப்போதே அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வெயில் சூடு என்று சொல்லித் தட்டிக்கழித்தான். மே மாதம் அவள் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனபோது கட்டி ஈரல்வரை பரவியிருந்தது. டாக்டர் அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "உங்களுக்கே தெரியும் சிஸ்டர்," என்று அவளிடம் சீட்டை நீட்டினார். தெரிந்துதான் தொலைத்தது. பிறத்தியாரிடம் இதையெல்லாம் பக்குவமாகச் சொல்லிப் பழகிய வாய்தான். பெஞ்சில் இருந்தவனைப் பார்த்ததும் புளுகியது.

"வவுத்துல புண்ணுதான்யா. வலிக்கு மருந்து குடுக்கற வார்டு ஒண்ணு கீதாம். தடை முடியறதுக்குள்ள சரியாய்டும்."

ஜூன் பதினைந்தாம் தேதி படகில் ஏற நாள் எண்ணிக்கொண்டிருந்தவனிடம் வேறு என்ன சொல்வாள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள்.

வழி கேட்க நின்ற இடத்தில் வார்டுபாய் சீட்டை வாங்கிப் பார்த்தான். "பாலியேட்டிவா? மூணாவது மாடி," என்று ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னான். கார்குழலி சட்டென்று சீட்டைப் பிடுங்கிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தாள். தேசப்பன் லிஃப்ட் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தான். கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்று பழமொழியே கேட்கிறதே, மறந்திருப்பான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

சாயங்காலம் வீடு வந்து படுத்தவன் ஒருமணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தான்.

"நோட்ட எடு."

"இன்னிக்கி வேணாம்யா. ஒடம்ப பாரு."

"பரிட்சைக்குப் பதினெட்டு நாள்தான் கீது. எடுமே."

உடம்பு பாதியாகிவிட்டது, கண்டிப்பு மட்டும் குறையவில்லை.

"அக்வா?"

"தண்ணி."

"மாரே?"

"கடல்."

"மானுஸ்?"

"கை."

நோட்டை முன்னால் திருப்பாமல் பின்னால் திருப்பினான். பழைய பக்கம் ஒன்றில் அவன் விரல் மெதுவாக இறங்கி நின்றது.

"பாலியம்?"

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. போர்வை என்று மூன்று எழுத்தைச் சொன்னால் போதும், வேலை முடிந்தது. அதைச் சொல்ல அவளால் முடியவில்லை. அவன் அவசரப்படவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெர்ல," என்றாள்.

தேசப்பன் கட்டைவிரலை எடுக்காமலே அந்த வரியின் ஓரத்தில் ஒரு பெருக்கல் போட்டான். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு அதன் பக்கத்தில் இன்னொன்று போட்டான்.

"இன்னாத்துக்கு ரெண்டு?"

"தெரிஞ்சிகினே தெர்லன்னு சொன்னா ரெண்டு."

டாக்டர் அறையில் வராத அழுகை அப்போதுதான் வந்தது. அவன் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதாள். அவன் முதுகைத் தடவிக்கொடுத்தான். அழுது ஓயும்வரை பொறுத்திருந்துவிட்டு, கட்டைவிரலை ஒரு வரி கீழே நகர்த்தி அடுத்த வேரைக் கேட்டான்.