சினை மாட்டுச் சாக்கு

சஹீர் சாரின் கம்ப்யூட்டர் டிசைன் வகுப்பில் கடைசி வேலைக்கு ஒரே ஒரு விதிதான். நாம் வரைந்ததை யாராவது ஒரு வியாபாரி அச்சடித்து, தன் சரக்கின் மேல் போட்டு விற்க வேண்டும். விற்றால் சான்றிதழ் உண்டு. இல்லாவிட்டால் இல்லை.

"பேப்பர்ல இருக்கற வரைக்கும் அது படம். கடையில போய் உக்காந்தாத்தான் டிசைன்," என்பார். "நான் நல்லா இருக்குன்னு சொன்னா நம்பாதீங்க. நான் வாங்கப் போறதில்ல."

அது தொண்ணூற்றேழாம் வருஷம். காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் எங்கள் வகுப்பு. தேறியவர்களை சாரே ஏதாவது ஓர் அச்சகத்தில் சேர்த்துவிடுவார். தேறாவிட்டால் நான் முதுகுளத்தூருக்குப் பஸ் ஏற வேண்டும். அங்கே மாமாவின் மளிகைக்கடையில் எனக்கு இடம் தயாராக இருந்தது. போனில் பேசும்போதெல்லாம் என்னைப் பெற்ற அய்யா அதைத்தான் ஞாபகப்படுத்துவார். எனக்குப் போக மனமில்லை. கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோட்டைப் பிடித்து இழுத்து, அது வளைந்து வந்ததைப் பார்த்த முதல் நாளே, இதைவிட்டு வேறெதுவும் வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

மற்றவர்களுக்கெல்லாம் யாரோ இருந்தார்கள். பக்கத்து இருக்கை ரம்ஷாவுக்கு, கோட்டைமேட்டில் அத்தர்க் கடை வைத்திருந்த அவளுடைய அத்தா யூனுஸ் இருந்தார். பாட்டிலுக்கு லேபிள் வரைந்துகொண்டிருந்தாள். எனக்கு இந்த ஊரில் யாரைத் தெரியும்?

"என்னங்க ராம்நாடு, ஆள் கெடைச்சுதா?" என்று தினமும் கேட்பாள். கருமலையான் என்ற என் பெயர் அவள் வாயில் ஒருநாளும் வந்ததில்லை.

"தேடிக்கிட்டு இருக்கேன்."

"தேடித் தேடி எளைச்சே போயிட்டீங்க. கெடைக்கலைன்னா சொல்லுங்க, எங்கத்தா கடை பாட்டில் மூடிக்கு மட்டும் தனியா ஒரு லேபிள் ஒட்டிக்கலாம்."

நான் கருமத்தம்பட்டியில் தறிக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த ஒரு லைன் வீட்டில் குடியிருந்தேன். வீட்டுக்காரர் பாலுசாமி புதிதாக மாட்டுத்தீவன மில் போட்டிருந்தார். தீவனம் வெறும் வெள்ளைச் சாக்கில்தான் போய்க்கொண்டிருந்தது. அவரிடம் போய்க் கேட்க எனக்குப் பயம். அவர் மனைவி சாந்தாமணி அக்காதான் ஒரு காலையில் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"ஏன் கண்ணு, மூஞ்சி வாடிக் கெடக்குது? சோறு உண்கலையா?"

சொன்னேன். அவர் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏனுங்க, இங்க வாங்க. நம்ம சாக்குக்குப் படம் போட ஆள் ஊட்டுக்குள்ளயே இருக்குது."

பாலுசாமி அண்ணன் துண்டால் தவிட்டைத் தட்டிக்கொண்டே வந்தார். "போடு தம்பி. மாடு போடோணும். பாத்தவன் நின்னு பாக்கோணும். நல்லா இருந்தா வெச்சுக்கறேன். இல்லீன்னா மனசுல வெச்சுக்கப்படாது."

கம்ப்யூட்டரோடு வந்த படங்களிலிருந்து ஒரு மாட்டை எடுத்து, அச்செடுத்துக் காட்டினேன். கறுப்பும் வெள்ளையுமாக, கொம்பில்லாத மாடு. அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"இது பால்பவுடர் டப்பா மாடாட்ட இருக்குது. திமிலு எங்க கண்ணு? நம்மூட்டுது மாதிரி போடு."

அவர்கள் வீட்டு மயிலைப் பசுவின் எதிரே மோடா போட்டு உட்கார்ந்தேன். முதல் தாளை அது நக்கிவிட்டது. இரண்டாவது தாளைப் பார்த்து அக்கா, "மூக்கு இன்னும் கொஞ்சம் நீட்டம். அவளுக்குக் கொஞ்சம் அகங்காரம் உண்டு, அது மூஞ்சியில தெரியோணும்," என்றார். அகங்காரத்தை எப்படி வரைவது என்று தெரியாமல் பல தாள்களைக் கிழித்தேன். கடைசியில் தலையைச் சற்றே தூக்கி வைத்தபோது அது தானாக வந்தது. "அவளேதான்," என்று அக்கா பசுவின் கழுத்தைத் தடவினார்.

திரையில் அந்த மாட்டைப் பார்த்து சஹீர் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அப்படிச் செய்தால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். ரம்ஷா எட்டிப் பார்த்து, "ஐயோ, முறைக்குதுங்க!" என்றாள். பாலுசாமி அண்ணன் முதல் கட்டுச் சாக்குக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் கொடுத்தார். சாக்குகள் வந்து இறங்கியபோது ஒன்றை விரித்துப் பிடித்துப் பார்த்தேன். நீல மாடு, கம்பீரமாக. அன்று மதியம் சாப்பாடே இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

சாக்கில் தீவனம் நிரப்பினார்கள்.

சாக்கு உப்பியது. அதோடு மாட்டின் வயிறும் உப்பியது. கால்கள் சாக்கின் அடிப்பக்கம் வளைந்துபோய்க் குட்டையாகத் தெரிந்தன. தலை ஓரத்தில் ஒதுங்கிச் சிறுத்துவிட்டது. தைத்து நிமிர்த்தி வைத்தபோது, இன்றைக்கோ நாளைக்கோ கன்று போடப்போகிற ஒரு மாடு அகங்காரமாக எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது.

சுமை தூக்குகிற அரங்கசாமி சாக்கைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு வணங்கினார். "மெதுவா எறக்குங்கோ. வாயில்லாச் சீவன், மாசமா இருக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். பாலுசாமி அண்ணன் சிரிக்கவில்லை.

"சாக்கையெல்லாம் உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பிப் போட்டு ரொப்புங்கப்பா," என்றார். என்னிடம் திரும்பினார். "தப்பா நெனைக்காத தம்பி. வாங்க வாரவன் தீவனத்தைக் கேக்க மாட்டான், பிரசவத்தைக் கேப்பான்."

சாக்கைத் திருப்பிவிட்டால் மாடு உள்ளே போய்விடும். மாடு உள்ளே போனால் நான் முதுகுளத்தூர் போய்விடுவேன். "அண்ணே, நாளை வரைக்கும் பொறுங்கண்ணே," என்றேன். அக்கா அவரைப் பார்த்தார். அவர் "சரி" என்று மில்லுக்குள் போனார்.

நான் போனில் சொன்னதைக் கேட்டு, மறுநாள் காலையில் சஹீர் சார் ஸ்கூட்டரில் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சாக்கைச் சுற்றி நடந்தார், குனிந்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"நானும் பாக்கலையேப்பா," என்றார். "கார்டு, நோட்டீஸ், காலண்டர்னு எல்லாமே தட்டையான சாமானாவே போட்டுப் பழகிட்டேன். சாக்கு உருண்டைன்னு ரெண்டு பேருக்கும் தோணல. கரி இருக்கா?"

நிரப்பிய வெள்ளைச் சாக்கு ஒன்றை நிமிர்த்தி வைத்தோம். அதன் மேலேயே, கண்ணுக்கு மாடு சரியாகத் தெரிகிற மாதிரி, கரியால் வரைந்தேன். ஓரத்துக்குப் போகப் போகத் தலையைப் பெரிதாக்கினேன். காலை நீட்டினேன், வயிற்றைச் சுருக்கினேன். சார் தள்ளி நின்று, "இன்னும் ஒட்ட வை, இன்னும்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். முடித்தபோது சாக்கின் மேல் எங்கள் மயிலை அப்படியே நின்றது. பாலுசாமி அண்ணன்கூட, "அட!" என்றார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் படத்தை அளவெடுக்க, தீவனத்தைக் கொட்டிவிட்டுச் சாக்கைத் தரையில் விரித்தோம்.

தரையில் ஒரு பஞ்சத்து மாடு கிடந்தது. வயிறு ஒட்டி, கால் நீண்டு, தலை மட்டும் பெருத்து.

"நல்ல விசயம்தானே," என்றார் சார். "வெறும் சாக்குன்னா எளைச்ச மாடு, தீவனம் போட்டா கொழுத்த மாடு. இதைவிட வெளம்பரம் வேணுமா?"

அண்ணன் தலையாட்டினார். எனக்கும் அது பிரமாதமாகத்தான் பட்டது. அக்கா மட்டும் இடுப்பில் கைவைத்து அந்தச் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், தப்பா நெனைச்சுக்காதீங்க. தீவனம் தீந்தா சாக்கை என்ன பண்ணுவாங்க?"

"தூக்கிப் போடுவாங்க."

"யாருங்க போடுவா? சோளம் காயவெப்போம், வாசப்படிக்குப் போடுவோம், மழைக்குத் தலையில கொங்காடை போட்டுக்குவோம். வருசம் பூரா ஊட்டுல கெடக்கும். மெலிஞ்ச மாட்டைக் கொண்டாந்து எந்தச் சம்சாரி வாசல்ல போடுவானுங்க? நானே போட மாட்டேன்."

சார் கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. அண்ணன் "அதுவுஞ் செரிதான்" என்று முணுமுணுத்தார். எனக்கு மாமா கடையின் புளி வாசம் மூக்கில் அடித்தது.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் ஒரு பக்கம் பஞ்சத்து மாடு. மறுபக்கம், நேற்றைய சாக்குகளில் ஒன்று நிரப்பாமல் விரிந்து கிடந்தது. அதிலிருந்த மாடு ஒழுங்காக, ஆரோக்கியமாக இருந்தது. அதன் பின்னால் அதே மாடு நிரம்பிய சாக்கில், வயிறு தள்ளி நின்றது. திரும்பத் திரும்ப இரண்டையும் பார்த்தேன்.

"அக்கா," என்றேன். "நெறைஞ்சா சினை. தீர்ந்தா..."

"தீந்தா?"

"கன்னு போட்ட மாடு. வயிறு எறங்கிருச்சு. அவ்வளவுதானே? இதுல யாருக்கு என்ன குறை? நாம ஏன் இதை மாத்தணும்?" எனக்கு மூச்சு வாங்கியது. "சாக்குக்குப் பின்பக்கம் சும்மாதானே கெடக்கு. அங்க ஒரு கன்னுக்குட்டி போட்டுர்றேன்."

அக்கா முதலில் அண்ணனைப் பார்த்தார், பிறகு தொழுவத்தைப் பார்த்தார். "போன வருசம் இவ நெறைமாசமா நின்னப்ப இப்புடித்தானுங்க இருந்தா. என்ன ஒரு அழகு. நேத்தே சொல்லோணும்னு இருந்தேன், இவரு மூஞ்சியைப் பாத்துட்டு வாயை மூடிட்டேன்."

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சினை மாட்டுத் தீவனம்னு சொல்லியே விக்கலாம். சாக்கைத் திருப்ப வேண்டாம்ப்பா!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

கன்றுக்குட்டியை வரையும்போது நான் சாக்கு உருண்டை என்பதை மறக்கவில்லை. எலும்பும் தோலுமாக, கால் நீளமாக வரைந்தேன். பிறந்த கன்று அப்படித்தான் இருக்கும் என்பதால் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. நிரப்பியபோது அது கொஞ்சம் சதை போட்டு, குறும்பாக நின்றது. ரம்ஷா அதன் படத்தைப் பார்த்து, "இது முறைக்கல. சிரிக்குதுங்க," என்றாள். அவளுடைய அத்தர் லேபிள் ஏற்கெனவே கடைக்குப் போயிருந்தது.

முதல் லோடு ஏற்றிய அன்று சார் வந்து நின்றார். ஒரு சாக்காவது விற்காமல் சான்றிதழில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லியிருந்தார். அவினாசிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு விவசாயி ஒரு சாக்கை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க பாலுசாமி, மாடு இன்னும் கன்னே போடல. அதுக்குள்ள பின்னாடி கன்னு எப்புடிங்க வந்துச்சு?"

சாரின் கை பேனாவோடு அப்படியே நின்றது.

அண்ணன் அசரவில்லை. "அது போன ஈத்துக் கன்னுங்க," என்றார்.

விவசாயி இன்னொரு தரம் இரண்டு பக்கமும் பார்த்தார். "அப்படிச் சொல்லுங்க," என்று சாக்கைத் தூக்கித் தன் வண்டியில் வைத்தார்.

சார் கையெழுத்துப் போட்டார்.